பருத்திச் சட்டையோடு போடிமெட்டு ஏறிய கதை

எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல இருப்பது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். அதற்கு அடுத்த உயரம் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரம். தூத்துக்குடியில் ஏழு வருடமாக நானும் எங்கள் வீட்டுக்காரரும் சைக்கிள் மிதிக்கிறோம். திருச்செந்தூர், கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று கடற்கரையோரம் போகாத ஊர் இல்லை. எல்லாம் தட்டையான சாலை, வெயில், எதிர்காற்று. அதனால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, "முட்டி நல்லா இருக்கும்போதே ஒரு மலையாவது ஏறிறணும்" என்று அவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. எந்த மலை என்பதையும் அவரே முடிவு செய்தார். எப்போதோ பஸ்ஸில் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணினாராம். அன்றிலிருந்து அது மனதில் கிடந்திருக்கிறது.

கார்த்திகையில் போகிறீர்களே, மழையாக இருக்குமே என்று எங்கள் சைக்கிள் குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். எங்களுக்கு மழை புதிதா? எங்கள் தெருவில் கார்த்திகைக்குக் கார்த்திகை முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மழை எனக்குத் தெரியும். குளிர்தான் தெரியாது. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

நான் தையல்காரி. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான். குழுவில் எல்லோரும் வழுவழுவென்று மின்னும் ஒரு சட்டை போடுவார்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஆளைப் போட்டுக் கட்டியதுபோல இருக்கும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நல்ல பருத்தித் துணி எடுத்து, முதுகுப் பக்கம் மூன்று பை வைத்து, எனக்கும் அவருக்கும் இரண்டிரண்டு சட்டை நானே தைத்தேன். எங்கள் ஊர் வெயிலுக்கு அதைவிட நல்ல சட்டை கிடையாது. வேர்வையை அப்படியே குடித்துக்கொள்ளும்.

மதுரை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கிளம்பிய முதல் நாள் ஆண்டிபட்டிக் கணவாய் வரை தூறல்தான். கணவாயில் காற்று அடித்த அடியில் நாங்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டு படகுப் பாய்போலப் புடைத்துக்கொண்டது. எதிரே வந்த லாரிக்காரர் ஒலிப்பானை அழுத்திச் சிரித்துவிட்டுப் போனார். அது ஒன்றும் பெரிய ஏற்றமில்லை என்று பின்னால் பலர் சொன்னார்கள். எங்கள் மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் அதுவே இமயமலை.

வைகை அணைக்கு ஒதுங்கிப் போனோம். மழையில் அணையும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. மீன் பொரித்து விற்கும் ஒரு அம்மாவிடம் சூடாக இரண்டு துண்டு வாங்கினோம். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு அணை மீன் ஏறாது. வீட்டுக்காரர் வாயில் வைத்ததும் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே அடக்கினேன். அந்த அம்மா கெட்டிக்காரி.

"எந்த ஊரு?" என்றார்.

"தூத்துக்குடி."

"அதான பாத்தேன். மீன மோந்து பாத்துத் திங்கிறாக" என்று இன்னொரு துண்டை மிளகாய்த்தூளில் புரட்டி இலவசமாக வைத்தார். அது நன்றாகவே இருந்தது.

இரண்டாம் நாள் தேனியிலிருந்து கம்பம் சாலையில் போய், உத்தமபாளையத்தில் திரும்பி, கோம்பை வழியாகப் போடிக்கு வந்தோம். சாலையின் இருபுறமும் வாழை, நெல், திராட்சைப் பந்தல். தண்ணீரை லாரிக்குக் காத்திருந்து குடத்தில் பிடிக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு, இத்தனை வாய்க்காலும் கேட்பாரற்று ஓடுவதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. உத்தமபாளையத்தில் ஒரு பாய் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். நனைந்த சட்டையோடு நாற்காலியில் உட்காரத் தயங்கி நின்றோம். "நாற்காலி காஞ்சிக்கிரும், நீங்க உக்காருங்க" என்றார் பாய். வெளியே சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களின் மேல் ஒரு சாக்கை எடுத்துப் போட்டதும் அவர்தான்.

கோம்பை நாய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கோம்பையிலேயே ஒன்று துரத்தும் என்று நினைக்கவில்லை. செவலை நிறம், கருத்த மூஞ்சி. ஒரு தோட்டத்து வேலியிலிருந்து கிளம்பி நேராக வீட்டுக்காரருடைய கெண்டைக்காலைக் குறி வைத்தது. அவர் மிதித்த மிதியைப் பார்த்தால் ஒலிம்பிக்குக்கே அனுப்பலாம். மருந்து அடிக்கும் டப்பாவை முதுகில் மாட்டியிருந்த ஒருவர் வயலில் நின்று கத்தினார்.

"ஓட்டாதீக! நின்னு எறங்குங்க! ஓடுறதத்தான் அது தொரத்தும்!"

நாங்கள் இறங்கினோம். நாயும் நின்றது. சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோலத் திரும்பிப் போனது. வீட்டுக்காரர் அன்று மாலை வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இவர் பேச ஆரம்பித்தால் அப்படித்தான். பேச்சு நின்றால், அது கோபம்.

போடிக் கடைத்தெருவில் அன்று சாயங்காலம் நான் செய்த காரியத்துக்கு இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கம்பளிச் சட்டையும் குல்லாவும் தொங்கவிட்டிருந்த கடை அது. கடைக்காரர் எங்கள் சைக்கிளைப் பார்த்தார்.

"மேலயா போறீக?"

"ஆமா, நாளைக்கு."

"அப்ப ஆளுக்கு ஒரு சொட்டர் வாங்கிட்டுப் போங்க. அங்கன இருக்க குளுரு வேற."

வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தார். நான் வாங்கி, உள்பக்கம் திருப்பி, தையலைப் பார்த்தேன். தோள்பட்டையில் நூல் பிரிந்திருந்தது. "இந்தத் தையலுக்கா?" என்றேன். "நாமதான் மிதிச்சே சூடாகிருவோமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் அதை மடித்து வைத்தார்.

மூன்றாம் நாள் காலை முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போயின. ஒரு ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டிருந்த பெண், தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் குல்லா போட்டவர், குனிந்து கத்தினார்.

"ஏண்ணே, கயித்தப் போட்டு இழுக்கவா?"

"இழுத்தா கணக்குல வராதும்மா!" என்று இவரும் கத்தினார். ஜீப் முழுக்கச் சிரிப்பு. அடுத்த வளைவு வரை அந்தச் சத்தம் கேட்டது.

அந்த ஏற்றம் மிக அழகானது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒவ்வொரு வளைவுக்கும் போடி கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. பாறையிலிருந்து சாலைக்கே தண்ணீர் விழுந்தது. ஒன்பதாவது வளைவுக்குமேல் மேகத்துக்குள் போய்விட்டோம். மழைக்கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியதால் அவர் அதைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார். மழையும் வேர்வையும் கலந்து சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஆனால் மிதிக்கிறவரை குளிரவில்லை. மதியம் ஒன்றரைக்கு மேலே போய்ச் சேர்ந்து, எல்லைப் பலகையைத் தொட்டு, டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

சண்டை அங்கேதான் வந்தது. எல்லையைத் தாண்டிப் பூப்பாறை வரைக்கும் போய்வரலாம், இறக்கம்தானே என்றார் அவர்.

"மலை ஏறணும்னீங்க, ஏறியாச்சு. எறங்கி வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு கேரளாவ வாசல்ல நின்னு பாத்துட்டுப் போகவா?"

"எறங்கினா திரும்ப ஏறணும். யாரு ஏறுவா?"

"நான் ஏறுதேன். நீ இங்கயே டீ குடிச்சிட்டு இரு."

பக்கத்து பெஞ்சில் இருந்த இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். 'மழையில் சைக்கிளில் வந்து சண்டை போடுகிறார்களே, வீட்டில் இடமில்லையா?' என்றார் ஒருவர். 'வீட்டில் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்' என்றார் மற்றவர். எனக்கு அந்த அளவுக்கு மலையாளம் புரியும். சிரிக்க வேண்டிய இடம், ஆனால் நான் கோபத்தில் இருந்தேன். வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன்.

இறக்கத்தில் மிதிக்க வேலை இல்லை. மிதிக்காத உடம்பில் சூடும் இல்லை. சாலையின் இருபக்கமும் ஏலத்தோட்டம், மேலே பெரிய மரங்கள், அந்த இலையில் தங்கிய தண்ணீர் வேறு எங்கள் தலையில் கொட்டியது. காற்று நெஞ்சில் நேராக அடித்தது. எனக்குப் பல் கிட்டியது. முன்னால் போன அவர் முதலில் குளிரில் உதறிக்கொண்டே போனார், பிறகு உதறவில்லை. பழகிவிட்டது போல என்று நினைத்தேன். "போதும், திரும்புவோமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. கோபம் இன்னும் தணியவில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இருபத்தெட்டு வருடத்தில் இவருடைய மௌனத்தை எத்தனை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை டிவி வாங்கிய விஷயத்தில் நான்கு நாள் பேசாமல் இருந்தவர்.

ஒரு வளைவில் அவருடைய சைக்கிள் சாலையின் நடுவுக்கு வந்து, திரும்ப ஓரத்துக்குப் போய், ஒரு மதகின்மேல் மோதி நின்றது. விழவில்லை. அவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு மதகில் உட்கார்ந்தார். "பிரேக் பிடிக்க மாட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே போனேன். அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை.

"வெக்கையா இருக்கு" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. நாக்கு குழறியது. அவர் குடிக்கிறவர் இல்லை.

"என்ன விளையாட்டு இது?"

"ஷிப்டு மாறிட்டா? எறங்கலாமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் என்னிடம் அல்ல, துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நிற்கிற யாரிடமோ.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. பேச முடியாமல் இருந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. நான்தான் முறைத்துக்கொண்டு பின்னால் வந்தேனே. கன்னத்தைத் தொட்டேன், ஐஸ் பெட்டியில் வைத்த மீன்தான். போனில் சிக்னல் இல்லை. என் மழைக்கோட்டைக் கழற்றி அவருக்குச் சுற்றி, அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உடம்பில் சதை உண்டு, அவர் வெறும் எலும்பு. என்னிடம் இருந்த சூட்டை எல்லாம் கொடுத்துவிட முடியும் என்று நினைத்தேன். நனைந்த சட்டைக்கும் நனைந்த சட்டைக்கும் நடுவில் எந்தச் சூடும் போகவில்லை. அவர் கண்ணை மூடினார். சாலையோரத்தில் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதில்லை.

கீழேயிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. தோட்ட வேலை முடிந்து போடிக்குத் திரும்பும் பெண்கள். முதலில் குதித்து இறங்கியவர் காலையில் கயிறு போட்டு இழுக்கவா என்று கேட்டவர்தான். வேலுத்தாய் என்று அவர் பெயரைப் பிறகு தெரிந்துகொண்டேன். இவருடைய உதட்டைப் பார்த்தார், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். கை சொத்தென்று விழுந்தது.

"வெறச்சுப்போச்சு. எப்ப நடுக்கம் நின்னுச்சு?"

"குளிரு பழகிருச்சுன்னு நெனச்சேன், எப்பன்னு கவனிக்கலையே" என்றேன். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"போடிக்கு ஆஸ்பத்திரிக்கு விட்டுறவா?" என்றார் ஜீப் ஓட்டுநர்.

"போடிக்கு ஒரு மணி நேரம். தெறந்த ஜீப்புல இந்தக் காத்துல கொண்டு போய்ச் சேத்தா மிச்சம் என்ன இருக்கும்? வண்டியத் திருப்பு. ஸ்டோர் நேத்துலருந்து எரியுது."

ஸ்டோர் என்றால் அங்கே ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். அடுப்பு ஒரு பக்கம் எரியும். சூடு குழாய் வழியாக உள்ளே போய், தட்டுத் தட்டாக அடுக்கிய பச்சைக் காயை இரவும் பகலும் காய வைக்கும். காய் முழுக்க உலரும்வரை அந்த அறைக் கதவைத் திறக்கக் கூடாதாம். திறந்தால் சூடு இறங்கி, ஈரம் தங்கி, பச்சை நிறம் போய்விடும். ஏலக்காய்க்கு மதிப்பே அந்தப் பச்சையில்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. அப்போது நான் பார்த்தது, மூடிய கதவின் முன்னால் கையை விரித்து நின்ற ஸ்டோர் பொறுப்பாளர் வர்கீஸை மட்டும்தான்.

"கதவு திறக்கான் பாடில்ல, வேலுத்தாயி. நாளைக்குத்தான் எடுக்கணும். நிறம் போகும்."

"நெறம் போனா மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆளு போனா இந்தம்மாகிட்ட யாரு சொல்றது?"

வர்கீஸ் எட்டி இவரைப் பார்த்தார். அவரே தாழை விலக்கிக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த அனல் ஏலக்காய் வாசனையோடு முகத்தில் மோதியது. நான் வீட்டுக்காரரை உள்ளே தள்ளப் போனேன். வேலுத்தாய் தடுத்தார். "அடுப்புக்கிட்ட நேரா கொண்டு போகாதீக. வாசப்படியிலயே இருக்கட்டும். மொதல்ல ஈரத்த உரிங்க."

நாலைந்து பெண்கள் சுற்றி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காய்ந்த சாக்குகளை உள்ளே சூட்டில் காட்டிக் காட்டி நீட்டினார்கள். நான் பொத்தான்களை அறுத்தே சட்டையைக் கழற்றினேன். வேலுத்தாய் அதை வாங்கிப் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது. மறுபடி பிழிந்தார். மறுபடியும் கொட்டியது.

"மலைக்கு இந்தத் துணியப் போட்டுட்டு வருவாகளா? நனைஞ்ச பருத்தி ஆளையே உறிஞ்சிருமே. எந்தத் தையக்காரன் தச்சான்?"

"நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, என் கையிலும் ஒரு சூடான சாக்கைக் கொடுத்தார். "தையலு நல்லாத்தான் இருக்கு. நீங்களும் ஈரத்த மாத்துங்க ஆத்தா" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் செத்தாலும் நன்றி மறக்க மாட்டேன்.

அந்த வாசற்படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. அவருடைய காலை என் மடியில் வைத்துச் சாக்கால் போர்த்தியிருந்தேன். வர்கீஸ் பால் சேர்க்காத கட்டன் டீ போட்டு வந்தார். "இப்பக் குடுக்காதீக, பொரையேறிரும்" என்று வேலுத்தாய் வாங்கிக் கீழே வைத்தார். பெண்களில் யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியவர்கள். ஜீப் ஓட்டுநர் மட்டும் வெளியே போய்ப் போய் வந்தார். நான் எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டேன். எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை, மொத்தமாக எல்லாருக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

திடீரென்று அவருடைய முழங்கால் என் மடியில் துள்ளியது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுவதும் தூக்கிப் போட ஆரம்பித்தது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. வலிப்பு வந்துவிட்டது என்று நான் அலறினேன்.

வேலுத்தாய் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு. "நடுங்கட்டும் ஆத்தா, நல்லா நடுங்கட்டும். நடுக்கம் திரும்பிருச்சுன்னா உசுரு திரும்பிருச்சு. இனி டீயக் குடுங்க."

அவருடைய நடுங்கும் கையை என் கையோடு சேர்த்துப் பிடித்து டீயைக் குடிக்க வைத்தேன். பாதி என்மேல் கொட்டியது. கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். சாக்கு, பெண்கள், திறந்த கதவு, தட்டுத் தட்டாக ஏலக்காய். "என்ன வாசம்!" என்றார். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். வர்கீஸ் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அந்தக் காயின் நிறம் என்ன ஆகும் என்று கேட்டேன். "காய் அடுத்த வாரமும் காய்க்கும்" என்று மட்டும் சொல்லி, தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி இவருக்கு மாட்டிவிட்டார். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை.

போகும் வழியில் மதகருகே கிடந்த சைக்கிள் இரண்டையும் ஜீப்பின் மேல் கட்டினார்கள். இவரை நடுவில் உட்கார வைத்து, காற்றுப் படாமல் பெண்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டார்கள். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். உதட்டில் நிறம் வந்திருந்தது. எனக்கு உடம்பே லேசாகி, யார் மடியிலாவது சாய்ந்து தூங்கிவிடலாம்போல இருந்தது. ஆனால் அவர் மறுபடியும் கண்ணை மூடினார். எனக்குப் பகீரென்றது.

"யாரு சொன்னா பூப்பாறைக்குப் போகச் சொல்லி?" என்றேன் சத்தமாக.

கண்ணைத் திறந்தார். "எறக்கம்தானேன்னு போனேன்."

"மழைக்கோட்ட எதுக்குக் கழட்டுனீங்க?"

"வேத்துது, கழட்டுனேன். நீதான சொட்டர் வேண்டாம்னே."

"தையல் பிரிஞ்ச சொட்டரு அது!"

"பிரிஞ்சா என்ன, நீ தைக்க மாட்டியா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "விடாதீக ஆத்தா, நல்லாக் கேளுங்க" என்றார் வேலுத்தாய். நான் விடவில்லை. பிரேக்கில் தொடங்கி, நான்கு நாள் பேசாமல் இருந்த டிவி வரை போய், மாமியார் வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கீழே போடியில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து முந்தல் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நடுங்கிக்கொண்டே, ஒன்று விடாமல், எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார்.